டிடிபி கடைக் கணினியை மாற்றும்போது: விண்டோஸா, லினக்ஸா, புதிதாக அசெம்பிள் செய்வதா?

கும்பகோணம் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2017இல் வாங்கிய கணினி: இன்டெல் ஐ3-7100, 4 ஜிபி ரேம், ஒரு டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்கிறார். மாலையில் நான்கைந்து கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கலும் செய்து தருகிறார். சர்வீஸ் கடைக்காரர் "இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிது வாங்கிவிடுங்கள்" என்கிறார். கணினி அறிவியல் படிக்கும் மகளோ "லினக்ஸ் போட்டால் காசே செலவில்லை" என்கிறார். கையில் 45,000 ரூபாய் இருக்கிறது, யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

மேலோட்டமாக இது விண்டோஸா லினக்ஸா என்ற பழைய வழக்கைப் போலத் தெரிகிறது. கேட்டவரின் கவலை வேறு என்றே எனக்குப் படுகிறது. பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் நாளைக்கும் திறக்குமா, கடை ஒரு நாள்கூட மூடாமல் இந்த மாற்றத்தைச் செய்ய முடியுமா என்பதே அவர் அறிய விரும்புவது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினிகளைச் சேர்த்துக் கொடுத்தும் பழுதுபார்த்தும் வருகிறேன். என் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி டிடிபி கடைகளும் ஆடிட்டர் அலுவலகங்களும் ஸ்டுடியோக்களும்தான். ஆகவே நான் சொல்வது இந்த வகை வேலைக்குப் பொருந்தும். விளையாட்டுக்காகவோ வீடியோ எடிட்டிங்குக்காகவோ கணினி சேர்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்கிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிநபர் பயனர்கள் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆதரவு முடிந்ததால் கணினி நின்றுபோய்விடாது. நேற்று ஓடியது இன்றும் ஓடும். ஆனால் அந்தத் திருத்தங்களும் இல்லையென்றால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை என்பதால், வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்களும் புழங்கும் ஒரு கணினியை அந்த நிலையில் வைத்திருப்பது சரியல்ல. டிடிபி கடையைப் போல ஒரு நாளில் இருபது அந்நியப் பென் டிரைவ்கள் செருகப்படும் இடம் வேறு இல்லை.

விண்டோஸ் 11 ஏறாது என்று சர்வீஸ் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால்தான் ஏறவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸரில் அந்த வசதி உள்ளேயே உண்டு; கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்பான பயாஸில் பிடிடி என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், இயக்கினால் போதும். தடையாக நிற்பது பிராசஸரின் தலைமுறைதான். ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் பட்டியல் தொடங்குகிறது. அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் உண்டு, ரூஃபஸ் போன்ற இலவசச் செயலிகளே அதைச் செய்து கொடுக்கின்றன, ஐ3-7100இல் விண்டோஸ் 11 ஓடவும் செய்யும். ஐயத்துக்குரியது அதற்குப் பிறகு வருவது. பட்டியலில் இல்லாத கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று உறுதியளிக்க முடியாது என மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வீட்டுக் கணினி என்றால் துணிந்து பார்க்கலாம். அடுத்தவர் கணக்கு எழுதும் கணினிக்கு நான் அப்படிச் செய்து கொடுப்பதில்லை.

இனி எழுத்துரு விவகாரம். தமிழ் டிடிபி செய்பவருக்கு இயங்குதளத் தேர்வு இங்கேதான் தீர்மானமாகிறது, மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பாமினியில் 'தமிழ்' என்று தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோப்புக்குள் தமிழ் எழுத்து எதுவும் பதிவாவதில்லை. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் பதிவாகின்றன. ஜே இருக்கும் இடத்தில் 'த' என்ற படத்தையும், கே இருக்கும் இடத்தில் 'ம' என்ற படத்தையும் எழுத்துரு வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவது இதனால்தான். வானவில், செந்தமிழ் என்று ஒவ்வொரு எழுத்துருக் குடும்பமும் தனக்கென்று ஓர் இட ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டதால், பாமினியில் அடித்ததை வானவிலுக்கு மாற்றினால் அர்த்தமற்ற எழுத்துகள்தான் வரும். உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'த' என்பது எந்தக் கணினியிலும் 'த'தான். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடையும், டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்று ஆணையிட்டது; ஆனாலும் அச்சகங்களும் டிடிபி கடைகளும் இன்னும் பழைய முறையிலேயே பெரும்பாலும் ஓடுகின்றன, ஏனென்றால் பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது.

பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001இல். அதற்குப் பிறகு புதிய பதிப்பு வரவே இல்லை. அடோபி தன் கவனத்தை இன்டிசைனுக்கு மாற்றிவிட்டது. இன்டிசைனும் சிஎஸ்6 பதிப்பு வரையில்தான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது, பின்னர் வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. ஆகவே உங்கள் பதினைந்து ஆண்டுக் கோப்புகள், தயாரிப்பாளரே கைவிட்ட, கடைசிப் பதிப்பு வந்து கால் நூற்றாண்டாகும் ஒரு மென்பொருளை நம்பி நிற்கின்றன. விண்டோஸ் 11இல் பேஜ்மேக்கர் 7.0ஐ ஓட்டுபவர்கள் உண்டு. 32-பிட் மென்பொருள் என்பதால் அடிப்படையில் தடை எதுவும் இல்லை. ஆனால் விண்டோஸ் 11 என்பது 64-பிட்டில் மட்டுமே வருகிறது, 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை அறவே ஏற்காது. அந்தக் காலத்துச் சில எழுத்துருத் தொகுப்புகளின், விசைப்பலகைச் செயலிகளின் நிறுவும் நிரல்கள் 16-பிட்டாக இருப்பதால், மென்பொருள் ஓடினாலும் தட்டச்சுச் செயலி ஏறாமல் போக வாய்ப்புண்டு. உங்கள் கணினியில் 4 ஜிபி ரேம்தான் என்பதால் இப்போது இருப்பது 32-பிட் விண்டோஸ் 10ஆகவே இருக்கக்கூடும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்று போனால் 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் தெரிந்துவிடும். 32-பிட் என்றால் இந்தச் சிக்கல் உங்களுக்கு நிச்சயம் உண்டு என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். தட்டச்சைப் பொறுத்தவரை என்எச்எம் ரைட்டர் போன்ற செயலிகளில் பாமினி, பழைய தட்டச்சு, தமிழ்99 ஆகிய எல்லாமே கிடைப்பதால், கை பழகிய முறையை விட வேண்டியிருக்காது.

லினக்ஸில் இதே வேலை நடக்குமா என்றால், ஆச்சரியமாக இருக்கலாம், எழுத்துரு ஒரு தடையே இல்லை. பாமினியின் எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் அங்கும் அது அதே படங்களைத்தான் வரையும். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் தமிழ்99, தட்டச்சு, ஒலியியல் என்று பல விசைப்பலகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் இருக்கிறது. அதன் அண்மைப் பதிப்புகள் யூனிகோட் தமிழின் கொம்பு, கால்களைச் சரியான இடத்தில் போடுகின்றன. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை ஸ்கிரைபஸும் லிப்ரே ஆஃபீஸ் டிராவும் ஓரளவு திறந்து காட்டும். அந்த 'ஓரளவு' என்ற சொல்லைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். உரை வரும், படங்கள் பெரும்பாலும் வரும், ஆனால் வரி இடைவெளியும் டேப் நிறுத்தங்களும் கலைந்துபோகும். புதிதாக ஒரு பத்திரிகை அடிக்க அது பரவாயில்லை. "போன வருஷம் அடித்த பில் புத்தகம், நம்பரை மட்டும் மாத்திக் குடுங்க" என்று வருபவருக்கு அது உதவாது. உங்கள் வருமானத்தில் எவ்வளவு பங்கு அப்படிப்பட்ட மறு ஆர்டர்கள் என்று நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாகப் பேஜ்மேக்கரையே லினக்ஸில் ஓட்டலாம் என்பார்கள். ஓடலாம், ஆனால் எண் போட்ட பில் புத்தகத்தில் ஓரம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் துளையிடும் இடத்தில் எழுத்து போய் நிற்கும், அதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

டேலி பிரைம் விண்டோஸுக்காக மட்டுமே வெளியிடப்படும் மென்பொருள். டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கன் விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். உங்கள் வாடிக்கையாளர்கள் தனி உரிமையாளர்கள் என்றால் ஓடிபி வழியாகவே தாக்கல் முடிந்துவிடும், அதற்கு எந்த இயங்குதளத்திலும் ஓர் உலாவி போதும். ஒருவராவது கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ இருந்தால் டோக்கன் தேவைப்படும். லினக்ஸில் சில டோக்கன்களை ஓடவைக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் 20ஆம் தேதி இரவு மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான 3பி தாக்கல் செய்ய உட்கார்ந்திருக்கும்போது டிரைவரோடு மல்லுக்கட்ட யாருக்கும் மனம் வராது. பிரிண்டரையும் மறந்துவிடாதீர்கள். எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு எச்பிலிப் என்ற திறமூல டிரைவர் இருப்பதால் லினக்ஸில் பெரும்பாலும் சிக்கலில்லாமல் வேலை செய்யும். நம் ஊர்க் கடைகளில் தேயாமல் உழைக்கும் கேனன் எல்பிபி 2900 வகையோ கேப்ட் என்ற தனக்கேயுரிய மொழியில் பேசுவது. லினக்ஸில் அதை ஓடவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் கடைக் கணினிக்கு விண்டோஸ் 11தான் என்பது என் முடிவு. விண்டோஸ் உயர்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நகர்த்த முடியாத மூன்று பொருள்கள், அதாவது பேஜ்மேக்கர் கோப்புகளும் டேலியும் டோக்கனும், அங்கே வேரூன்றி இருக்கின்றன. நான் சொந்த வேலைக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்தான் பயன்படுத்துகிறேன். வாடிக்கையாளரின் வைரஸ் பிடித்த பென் டிரைவைத் திறந்து பார்க்கவும், சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்கவும் அதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை. உங்கள் மகள் சொன்னதும் அவருடைய தேவைக்கு முழுக்கச் சரி. பைத்தான், சி, ஜாவா எதுவானாலும், பின்னாளில் வேலைக்குப் போனால் சர்வர் என்று ஒன்றைத் தொட நேர்ந்தாலும், லினக்ஸ் பழகியிருப்பது அவருக்குப் பெரிய கைமுதல். 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது; சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளத்தை என் கடைக்கு வந்த பிள்ளைகளில் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. பக்கத்து வீட்டில் ஒருவர்கூட அதைப் பயன்படுத்தவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் அந்தக் குறை இல்லை.

மேக் பற்றி ஒரு வரி. டேலி அங்கும் இல்லை, இந்தத் தொகைக்குப் புதிய மேக் வராது, சாதாரணக் கணினியில் மேக் இயங்குதளத்தை ஏற்றும் குறுக்கு வழியும் மூடிக்கொண்டு வருகிறது. 2025இல் வந்த டாஹோ என்ற மேக் இயங்குதளம்தான் இன்டெல் சிப்புக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைத்த கணினிகள் பலவற்றில், 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு லினக்ஸ் துவங்க மறுத்தது. சரிசெய்ய முடிந்ததுதான், ஆனால் பிழைப்பு நடக்கும் கணினியில் அந்த வம்பு தேவையில்லை.

சரி, புதிய கணினி. 45,000 ரூபாயில் விண்டோஸ் உரிமம், யுபிஎஸ், பழைய கணினிக்கு ஓர் எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) ஆகியவற்றையும் அடக்க வேண்டும். பழைய திரையும் கீபோர்டும் மவுஸும் அப்படியே இருக்கட்டும். விலைகளை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. 2025இன் பின்பாதியில் ரேம் விலை ஏறத் தொடங்கிய வேகத்தில் காலையில் சொன்ன விலை மாலையில் இருக்கவில்லை. ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருப்பதால், குரூஷியல் என்ற பெயரில் நம் கடைகளில் கிடைத்துவந்த நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இப்போது கணினி சேர்க்கும்போது ரேம் விலையை முதலில் விசாரித்துவிட்டு, மிச்சத்தில் மற்றவற்றைப் பொருத்துவதே நடைமுறை. டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமை மட்டுமே ஏற்கும் ஏஎம்டியின் ஏஎம்5 மதர்போர்டுகள் எதிர்காலத்துக்கு நல்லவை என்பதில் சந்தேகமில்லை. உங்கள் வேலைக்கு அந்த எதிர்காலம் தேவைப்படாது.

கடையில் ஐ5, ஐ7 என்று சொல்லித் தள்ளுவார்கள். பேஜ்மேக்கரும் டேலியும் ஐ3-12100ஐக் கூட வேர்க்கவைக்காது. நான்கு கோர், எட்டு திரெட் கொண்ட அந்த பிராசஸர் உங்கள் பழைய ஐ3-7100இன் இரண்டு கோரோடு ஒப்பிட்டால் எங்கோ உயரத்தில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும் ஆறு கோர் கொண்ட ஐ5-12400க்கோ ரைசன் 5 5600ஜிக்கோ போங்கள். பெயரின் கடைசி எழுத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். இன்டெலில் எண்ணுக்குப் பின் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. சில நூறு ரூபாய் குறைவு என்று 12400எஃப் வாங்கி வந்து, போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தும் திரையில் படம் வரவில்லையே என்று என்னிடம் தூக்கி வந்தவர்கள் பலர். போர்டு பழுதில்லை, கிராபிக்ஸ் கார்டு வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லும்போது அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். இன்டெல் சிப்புகள் தாமாகக் கெட்டுப்போகின்றன என்று கேள்விப்பட்டிருந்தால், அது 13, 14ஆம் தலைமுறைகளில் சக்தி கூடிய சிலவற்றில் இருந்த மின்னழுத்தக் கோளாறு. 2024 ஆகஸ்டில் அதற்குப் பயாஸ் திருத்தம் வந்தது, வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. 12ஆம் தலைமுறைக்கு அந்தக் குறை இல்லை. இன்டெல் என்றால் டிடிஆர்4 ஏற்கும் எச்610 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போதும். உங்கள் பழைய திரையில் விஜிஏ மட்டும் இருந்தால், போர்டிலும் அந்தத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மிச்சம் பிடித்த பணத்தை, கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 500 வாட் என்று அச்சிட்டிருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் சின்னதாக இருப்பதால் எடையே இருக்காது. உங்கள் கணினி முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே வாட் எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். பெயர் தெரிந்த நிறுவனத்தின், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற 450 வாட் அலகு தாராளம். தரமற்ற எஸ்எம்பிஎஸ் சாகும்போது தான் மட்டும் சாவதில்லை, போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கொண்டு போகும்.

கேபினெட்டைத் தொட்டால் 'சுருக்'கென்று ஷாக் அடிக்கிறது என்று வரும் புகாருக்கும் இதனோடு தொடர்புண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு மின்தேக்கிகள் கேபினெட் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் கசியும் மிகச் சிறு மின்சாரம் பூமிக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டின் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேபினெட்டின் மேல் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் குறைவு என்பதால் ஆளுக்கு ஆபத்து பொதுவாக இல்லை. ஆனால் அந்த நிலையில் பிரிண்டர் கேபிளைச் செருகும்போது யுஎஸ்பி துளை கருகிய கணினிகளைப் பார்த்திருக்கிறேன். பழைய கட்டடங்களில் மூன்று துளை பிளக் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. கணினி வாங்குவதற்கு முன் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். யுபிஎஸ் 600 விஏ போதும், அதில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி கோப்பைச் சேமித்து அணைக்கப் பத்து நிமிடம் கொடுக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள், உருளையைச் சூடாக்கும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்தை அந்த யுபிஎஸ் தாங்காது.

நீங்களே சேர்க்கப்போகிறீர்கள் என்றால் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம், மூன்று மணி நேர வேலைதான். இந்த வகை இன்டெல் சாக்கெட்டில் ஊசிகள் போர்டில்தான் இருக்கும். 1,700 ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் வாரண்டி போய்விடும். அதன் மேல் இருக்கும் கருப்புப் பிளாஸ்டிக் மூடியைக் கையால் பிடுங்க வேண்டாம். முக்கோணக் குறிகளைச் சேர்த்து பிராசஸரை வைத்து, மூடி இருக்கும்போதே நெம்புகோலை அழுத்தினால் அது தானாகத் தெறித்து வெளியே வரும். முதல் தடவை அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும், ஆனால் அப்படித்தான் வர வேண்டும். அந்த மூடியைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள். கேபினெட்டில் பித்தளைத் திருகுத் தாங்கிகள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். தொழில் பழகிய புதிதில் ஒன்றை அதிகப்படியாக விட்டுவிட்டு ஒரு போர்டை நானே எரித்திருக்கிறேன், என் முதல் மாதச் சம்பளத்தில் பாதி அதற்குப் போயிற்று. எல்லாம் மாட்டியும் மின்விசிறி சுற்றிப் படம் வரவில்லையென்றால், பத்தில் ஏழு தடவை ரேம் ஒரு பக்கம் முழுதாக இறங்கியிருக்காது, அல்லது பிராசஸருக்கான எட்டு ஊசி மின் இணைப்பை மறந்திருப்போம்.

உரிமம் பற்றி. பழைய விண்டோஸ் கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டுப்பட்டது, புதியதற்கு வராது. தனியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 7, 8 சாவிகளை வைத்துப் புதியதை இயக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவிகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்திலிருந்து நழுவியவை, இன்று இயங்கி ஆறு மாதத்தில் செத்துப்போகும். நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதிக் கடைப் பீரோவில் வைத்துவிடுங்கள். போர்டு பழுதானால் அந்த எண் இல்லாமல் அந்த டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளைத் திறக்க முடியாது.

பழைய ஐ3 கணினியைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். அதில் ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியை மாட்டி, அதற்குப் பொருந்தும் ரேம் கிடைத்தால் இன்னொரு 4 ஜிபி சேர்த்து லினக்ஸ் மின்ட்டை ஏற்றினால் மகளின் படிப்புக்கு நான்கைந்து வருடம் ஓடும். யூனிகோடுக்கு மாறும் வேலையையும் அதிலேயே தொடங்கலாம். எல்லாக் கோப்புகளையும் ஒரேயடியாக மாற்ற முனையாதீர்கள். மறு ஆர்டர் வரும்போது அந்தக் கோப்பை மட்டும் யூனிகோடில் புதிதாக அமைத்துக்கொண்டே போனால், இரண்டு ஆண்டில் உண்மையில் புழங்கும் கோப்புகள் எல்லாம் மாறியிருக்கும். கழற்றி எடுத்த பழைய ஹார்டு டிஸ்க்கை மட்டும் யார் சொன்னாலும் ஃபார்மேட் செய்யாதீர்கள். மேலே தேதியை மார்க்கரில் எழுதி, பழைய எழுத்துருக்களும் பேஜ்மேக்கர் சிடியும் இருக்கும் அதே பெட்டியில், குறைந்தது அடுத்த மார்ச் கணக்கு முடியும்வரை அப்படியே கிடக்கட்டும்.